மஞ்சளை நம்பாதீர்கள்: நீலகிரிப் புல்வெளியில் ஹைபெரிக்கத்தைக் கண்டுகொள்ள ஒரு வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன் எமரால்டிலிருந்து அவலாஞ்சி போகும் வழியில் ஒரு சரிவைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். மலையே மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வெயிலில் நிற்பது போல இருந்தது. ஐம்பது படமாவது எடுத்திருப்பேன். அந்தப் பக்கமாக வந்த வனக்காவலர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "அது நம்மூர்ச் செடி இல்லீங்க. வெள்ளைக்காரங்க கொண்டாந்தது. இது வந்த எடத்துல புல்லு நிக்காது." அதற்கப்பால் ஓர் ஓடைக்கரையில், இடுப்பளவு உயரத்தில் நின்ற ஒரு புதரைக் காட்டினார். அதிலும் பூ மஞ்சள்தான். பத்துப் பன்னிரண்டு பூக்களுக்கு மேல் இல்லை. "நம்மது இதுங்க" என்றார்.

அவர் காட்டிய புதர் ஹைபெரிக்கம் மைசூரென்ஸ். நான் படமெடுத்தது ஸ்காட்ச் புரூம். இரண்டுக்கும் பொதுவானது நிறம் மட்டுமே என்பது, உற்றுப் பார்க்கக் கற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இன்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அந்நியச் செடிகளை அகற்ற இளைஞர்கள் பலர் ஆர்வத்தோடு வருகிறார்கள். தமிழ்நாடு அரசும் 2022-இல் இதற்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அடையாளம் தெரியாமல் பிடுங்கும் கை, மலைக்கு உரிய செடியையும் சேர்த்துத்தான் பிடுங்கும். பூ பார்க்க வருகிறவர்களுக்கும் களை எடுக்க வருகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. அவரைப் பூவையும் துளசிச் செடியையும் பார்த்திருந்தால் போதும்.

கிளம்பும் முன்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைலென்ஸ், பதினைந்து சென்டிமீட்டர் அளவுகோல், பென்சில், நோட்டு. பேனா வேண்டாம், மூடுபனியில் நனைந்த தாளில் மை பரவிவிடும். மழை மாதங்களில் அட்டைக்கடிக்கு உப்புப் பையும் முழங்கால் வரை காலுறையும் தேவைப்படும்.

எங்கே பார்ப்பது என்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நல்ல புல்வெளிகளில் பெரும்பங்கு காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. முக்குருத்தி 1990 முதல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். தொட்டபெட்டாவின் 2637 மீட்டர் உச்சிக்குப் போகும் சாலையோரம், ஒன்பதாவது மைல் புல்வெளி, வனத்துறை அனுமதியோடு அழைத்துச் செல்லும் அவலாஞ்சிப் பாதை போன்ற இடங்களில் தொடங்குங்கள். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இலங்கை வாசகர்களுக்கு இதே செடி ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கிறது. அங்கும் பாதையை விட்டு இறங்கக் கூடாது.

ஒரு வேண்டுகோள்: பூவைப் பறிக்காதீர்கள். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் செடியிலேயே வைத்துப் பார்க்க முடியும்.

முதலில் பூவைப் பார்க்காதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் நேரே பூவிடம் போய்க் குனிந்துவிடுகிறார்கள். பத்தடி தள்ளி நில்லுங்கள். செடி எந்த இடத்தில் நிற்கிறது? திறந்த புல்லின் நடுவிலா, சோலைக்காட்டின் விளிம்பிலா, சதுப்பிலா, சாலை வெட்டிய மண்ணிலா? உயரம் எவ்வளவு? தரையோடு ஒட்டிய பூண்டா, புதரா, மரமா? தனியாக நிற்கிறதா, அல்லது வேறெதற்கும் இடம் விடாமல் சரிவு முழுவதையும் போர்த்தியிருக்கிறதா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. இந்த மலையின் சொந்தப் புதர்கள் பெரும்பாலும் புல்லோடு கலந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும். கம்பளம் விரித்தாற்போல் ஒரே புதர் ஒரு சரிவையே மூடியிருந்தால் சந்தேகப்படுங்கள். சந்தேகம் மட்டும்தான், முடிவு அல்ல.

ஹைபெரிக்கம் மைசூரென்ஸ் ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை வளரும் புதர். சில இடங்களில் அதற்கும் மேல் போகும். சோலை விளிம்பிலும், ஓடையோரத்திலும், புல்வெளி மேடுகளிலும் நிற்கும். பெயரில் மைசூர் இருப்பதைப் பார்த்து அந்த ஊர்ச் செடி என்று எண்ண வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளும் இலங்கையின் மலைநாடும்தான் அதன் வீடு. பழைய நூல்களில் மைசோரென்ஸ் என்று இருக்கும். இரண்டும் ஒரே செடி.

பூவின் வடிவம்

இப்போது அருகில் போகலாம். எண்ணவோ அளக்கவோ தொடங்குமுன் ஒரே ஒரு கேள்வி: இந்தப் பூ நமக்குத் தெரிந்த எந்தப் பூவைப் போல இருக்கிறது?

அவரைப் பூவைக் கையில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். மேலே ஓர் அகன்ற இதழ் நிமிர்ந்து நிற்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறகு. கீழே இரண்டு இதழ் ஒட்டிப் படகு போல ஆகியிருக்கும். மேலும் கீழும் வேறு வேறாக இருப்பதால் அந்தப் பூவை நட்ட நடுவில் ஒரே ஒரு விதமாகத்தான் இரண்டு சம பாதியாக வெட்ட முடியும். நீங்கள் பார்க்கும் மஞ்சள் பூ இப்படி இருந்தால் அது ஹைபெரிக்கம் இல்லை. அவரைக் குடும்பத்தில் மூன்று பேர் இங்கே முக்கியம். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

சூரியகாந்தியையோ சாமந்தியையோ போல இருந்தால், ஒரு பூ என்று நாம் நினைப்பது நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். சாலையோரத்தில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, கையகலப் பூவோடு நிற்பது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த காட்டுச் சூரியகாந்தி. புல்வெளியில் இலைகள் தரையோடு வட்டமாகப் படுத்திருக்க, இலையில்லாத மெல்லிய தண்டுகளின் நுனியில் மஞ்சள் தலை ஆடினால், அது பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த ஹைப்போகேரிஸ். இந்தக் குடும்பத்தில் செனிசியோ போன்ற மலையின் சொந்தச் செடிகளும் உண்டு. ஆகவே "சாமந்தி மாதிரி, அதனால் அந்நியம்" என்று முடிவு கட்டாதீர்கள்.

கருவேலம் பூவைப் போல இதழே தெரியாத சிறு உருண்டைகள் என்றால், ஊட்டிக்காரர்கள் சீகை என்று சொல்லும் ஆஸ்திரேலிய வாட்டில் மரம். பூ வெளிர் மஞ்சளாகவும் இருக்கும், நல்ல மஞ்சளாகவும் இருக்கும். ஆவாரம் பூ போன்ற பூக்கள் நெட்டுக்குத்தாக ஒரு கதிரில் அடுக்கி, கதிரின் நுனியில் மொட்டுகள் கருப்பாக இருந்தால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சென்னா. இலையைக் கசக்கினால் வறுத்த வேர்க்கடலை வாசம் வரும்.

ஐந்து இதழ், எல்லாம் ஒரே மாதிரி, நடுவில் மெல்லிய மஞ்சள் இழைகள் குஞ்சம் போல. இப்படி இருந்தால் நீங்கள் சரியான செடியின் முன் நிற்கிறீர்கள். கடற்கரைப் புன்னையின் பூவை அறிந்தவர்களுக்கு உடனே ஒரு பழகிய முகம் தெரியும். புன்னையில் இதழ் வெள்ளை, இழைக்கூட்டம் மஞ்சள். இங்கே இரண்டும் மஞ்சள். இந்த ஒற்றுமை தற்செயல் அல்ல. புன்னையும் ஹைபெரிக்கமும் நெருங்கிய உறவுகள். முன்பு தாவரவியலார் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். நெய்தல் மணலில் ஒருவரும் குறிஞ்சி மலையில் ஒருவரும் குடியேறிய பங்காளிகள் என்று அவர்களை நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

நடுவில் எண்ணுங்கள்

லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பூவை நோக்கி நீங்கள் நகருங்கள். லென்ஸைப் பூவருகே பிடித்துவிட்டுத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஹைபெரிக்கம் மைசூரென்ஸின் பூ பெரியது. விரிந்த பூ சுமார் ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவு இருக்கும். கிளையின் நுனியில் பெரும்பாலும் தனியாகப் பூக்கும். ஒவ்வோர் இதழும் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பதால் பூ முழுவதும் பிள்ளைகள் செய்யும் ஓலைக் காற்றாடி போலத் தோன்றும். நடுவில் இருக்கும் மகரந்தத் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணப் பார்க்காதீர்கள், அடங்காது. அவற்றின் அடியைப் பாருங்கள். ஐந்து கட்டுகளாகச் சேர்ந்திருக்கும். அந்தக் கட்டுகளின் நடுவே, சூலகத்தின் உச்சியிலிருந்து ஐந்து தனித்தனித் தண்டுகள் எழும்பியிருக்கும். இதழ் ஐந்து, கட்டு ஐந்து, சூல்தண்டு ஐந்து.

பட்டர்கப் குடும்பத்தைச் சேர்ந்த ரனன்குலஸ் ரெனிஃபார்மிஸ் என்ற பூண்டும் இதே புல்வெளியில் மஞ்சளாகப் பூக்கும். அதிலும் நடுவில் நிறைய மகரந்தத் தாள்கள். ஆனால் இதழ்கள் ஐந்தில் நிற்காமல் பத்தைத் தாண்டும். எண்ணெய் தடவியது போல மினுங்கும். அடியிலை சிறுநீரக வடிவில் இருக்கும். பெயரின் பொருளே அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. ஹைபெரிக்கத்தைத் தேடிப் போய் இதைப் பார்த்தால் ஏமாற்றமடையாமல் அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். பொட்டென்டில்லா இன்னொன்று. ஐந்து இதழ் உண்டு, நுனியில் சிறு வெட்டு இருக்கும். இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்து ஓரத்தில் பல் வைத்திருக்கும். ஹைபெரிக்கத்தின் இலைக்குப் பல்லும் கிடையாது, பிரிவும் கிடையாது.

இலையை வெயிலுக்குப் பிடியுங்கள்

பூ இல்லாத காலத்திலும் இந்தச் செடியைச் சொல்ல முடியும். நான் பூவைவிட இலையைத்தான் அதிகம் நம்புகிறேன்.

துளசியைப் போல இலைகள் எதிரெதிராக வரும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த ஜோடி தெற்கு வடக்காக இருக்கும். இலைக்குக் காம்பு கிடையாது; இலையின் அடி நேரே தண்டைத் தழுவியிருக்கும். ஜோடிகள் நெருக்கமாக இருப்பதால் கிளை நுனியில் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஓடு வேய்ந்தது போலத் தெரியும். முள் எங்கும் இல்லை.

அடுத்தது உறுதியான சோதனை. சூரியன் உங்களுக்கு எதிரே இருக்கும்படி குனிந்து, இலையைக் கிளையிலேயே மெல்ல வளைத்து, வெளிச்சத்துக்கு எதிராக லென்ஸில் பாருங்கள். ஊசியால் குத்தியது போல ஒளி ஊடுருவும் புள்ளிகள் இலை முழுவதும் தெரியும். அவை ஓட்டைகள் அல்ல, எண்ணெய்ச் சுரப்பிகள். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே எலுமிச்சை இலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள். அதிலும் இதே போன்ற புள்ளிகள் உண்டு. வெட்டவெளியில் மூடுபனி இறங்கிவிட்டால் கைபேசியின் விளக்கை இலைக்குப் பின்னால் பிடித்தாலும் போதும்.

அவரைக் குடும்பத்தின் மூவர்

களை எடுக்கப் போகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கோர்ஸ், ஸ்காட்ச் புரூம், கிலுகிலுப்பை மூன்றுக்கும் மஞ்சள் அவரைப் பூதான். முதல் இரண்டும் ஐரோப்பாவிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை. மூன்றாவது நம்முடையது.

கோர்ஸ் புதரைத் தொட்டாலே தெரிந்துவிடும். இலைகளே பச்சை முள்ளாகி, கிளையும் முள்ளில் முடியும், கைவைக்க இடமிருக்காது. வெயில் ஏறியதும் பூவில் தேங்காய் மணம் வரும். முள் காரணமாக மாடும் எருமையும் நெருங்காது. ஹோர்ட்டன் சமவெளியிலும் இதே செடிதான் தொல்லை.

ஸ்காட்ச் புரூமில் முள் இல்லை. பெயருக்கு ஏற்றபடி துடைப்பம் போல மெல்லிய பச்சைக் குச்சிகள் நெருக்கமாக நிமிர்ந்திருக்கும். குச்சியை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். நீளவாக்கில் வரப்பு வரப்பாகத் தட்டுப்படும். இலை சிறியது, சீக்கிரம் உதிரும். இலையில்லாமலும் குச்சி பச்சையாகவே இருக்கும். காய் முற்றிக் கறுத்ததும் வெயிலில் "டப்" என்று வெடித்து விதையைத் தூர எறியும். கோர்ஸும் இதையே செய்யும். விதைகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கக் கூடியவை. ஒருமுறை பிடுங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான். இரண்டின் வேர்முடிச்சுகளும் மண்ணில் நைட்ரஜனைச் சேர்க்கும். சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய மலைப்புல், அதிலும் நிழல் விழுந்தால், மெல்ல மெல்லப் பின்வாங்கும். காவலர் ஒரே வரியில் சொன்னது இதைத்தான்.

கிலுகிலுப்பையின் காய் ஊதிய பை போல உருண்டிருக்கும். காய்ந்த பிறகு ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுவென்று ஓசையெழுப்பும். பூவின் கீழ்ப்படகு பறவை அலகு போலக் கூர்மையாக முடியும். முள் கிடையாது, துடைப்பக் குச்சியும் கிடையாது. சாதாரண இலை இருக்கும். நீலகிரிப் புல்வெளியில் கிலுகிலுப்பையில் பல இனங்கள் உண்டு. காயும் பூவும் இல்லாத செடியைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். அடுத்த மாதம் வந்து பிடுங்கிக்கொள்ளலாம். பிடுங்கியதை அடுத்த மாதம் நட முடியாது.

முள் இருப்பதெல்லாம் அந்நியமும் அல்ல. சோலை விளிம்பில் மூன்றாகப் பிளந்த முள்ளோடு, சிறு மஞ்சள் பூங்கொத்தும் பிறகு கருநீலப் பழமுமாக நிற்கும் ஊசிக்களா இந்த மலையின் சொந்தப் புதர். கட்டையைச் சீவினால் உள்ளேயும் மஞ்சள். சாயத்துக்குப் பயன்பட்டதால் தாவரவியல் பெயரிலேயே சாயம் என்ற பொருள் இருக்கிறது. கோர்ஸ் என்று நினைத்து இதை வெட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்றும் நினைத்தால் வலிக்கிறது.

உடன்பிறப்புகளிடையே

ஹைபெரிக்கம் என்று உறுதியாகிவிட்டது. எந்த ஹைபெரிக்கம்?

சதுப்பு ஓரத்தில் விரற்கடை உயரத்தில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த பூவோடு இருந்தால் ஹைபெரிக்கம் ஜப்பானிகம். பெயரில் ஜப்பான் இருந்தாலும் இங்கே இயல்பாக வளர்வதுதான். ஆசியாவின் பெரும்பகுதியிலும் உண்டு. அதன் சூல்தண்டு பெரும்பாலும் மூன்று. இலை எதிரெதிராக, காம்பின்றி, புள்ளிகளோடு இருக்கும். பெரிய அக்காவின் சாயல் அப்படியே.

புதர்களில் குழப்பம் தருவது ஹைபெரிக்கம் ஹூக்கெரியானம். இரண்டையும் பிரிக்க மகரந்தத் தாள்களின் நீளத்தைப் பாருங்கள். ஹூக்கெரியானத்தில் அவை இதழின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்து, நடுவில் கத்தரித்துவிட்ட பந்து போலத் தெரியும். மைசூரென்ஸில் நீண்டு விரியும். அடுத்து பூவைத் திருப்பி, அடியில் இருக்கும் பச்சைப் புல்லி இதழ்களைப் பாருங்கள். மைசூரென்ஸில் கூர்மை, ஹூக்கெரியானத்தில் வட்டம். ஊட்டி, குன்னூர்த் தோட்டங்களில் நட்டு வளர்க்கும் அலங்கார ஹைபெரிக்கங்களும் உண்டு என்பதால், வீட்டு வேலிக்கு அருகில் பார்த்தால் இனப்பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மனச்சோர்வுக்கு மருந்தென்று கடைகளில் விற்பது ஐரோப்பிய இனமான ஹைபெரிக்கம் பெர்ஃபொரேட்டம். அதுவே வேறு பல மருந்துகளின் வேலையைக் கெடுக்கக் கூடியது. மலையில் நிற்கும் அதன் உறவினரைப் பறித்துக் கஷாயம் வைக்காதீர்கள்.

பதிவு செய்யும் முறை

ஒரே ஒரு அழகான பூப்படம் எடுத்துக்கொண்டு வந்து "இது என்ன?" என்று கேட்டால் அனுபவசாலியும் தடுமாறுவார். ஐந்து படம் எடுங்கள்: செடி முழுவதும் சுற்றுப்புறத்தோடு, பூ நேர் மேலிருந்து, புல்லி இதழ் தெரியும்படி பூவின் பின்பக்கம், இலை தண்டோடு சேரும் இடம், வெளிச்சத்துக்கு எதிராக இலை. காய் இருந்தால் அதையும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் அளவுகோல் ஓரத்தில் தெரியட்டும். நோட்டில் தேதி, இடம், உயரம், பக்கத்தில் இருந்த செடிகள்.

இவற்றை, செடி விலங்குகளைப் பார்த்தவர்கள் படத்தோடு பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றலாம். செயலி முதலில் காட்டும் பெயரை அப்படியே ஏற்காதீர்கள். அது படத்தின் சாயலை வைத்துச் சொல்வது. நீங்கள் பார்த்ததில் உறுதியானது எதுவோ அதுவரை மட்டும் பெயரிடுங்கள். "ஹைபெரிக்கம்" என்று மட்டும் போட்டாலும் அது நல்ல பதிவுதான். இனப்பெயர் வரை போய், பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அந்தப் பதிவு ஆய்வுத் தரத்துக்கு உயரும்.

பார்த்த செடியின் இடத்தைக் குறித்துவைத்து, சில வாரங்கள் கழித்து மறுபடி போங்கள். இதழ் உதிர்ந்த இடத்தில் முட்டை வடிவக் காய் நின்றிருக்கும். அது பழுப்பாகி உச்சியிலிருந்து பிளக்கும்போது எத்தனை வாயாகப் பிளக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து வந்தால், பூவில் எண்ணியதன் பக்கத்திலேயே அதையும் எழுதிவையுங்கள்.